பூட்டிய வீடுகளும் வாக்காளர் பட்டியலும்: கூட வர ஆள் வேண்டும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்க்க நாலைந்து பேர் தேவை. கட்சி வேலை இல்லை.

நம் ஊர்ச் சிக்கல் தெரிந்ததுதான். முகப்பில் பூட்டு, வீட்டுக்காரர் சென்னையில் (அவர் ஓட்டு அங்கே இருப்பதுதான் முறை). ஆனால் பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம்? பூட்டைப் பார்த்துக் 'குடிபெயர்ந்தவர்' என்று குறித்துவிட்டால் அவர்கள் பெயரும் போய்விடும். விடுபட்ட பெயருக்குப் படிவம் 6, திருத்தத்துக்கு 8. சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர்களுக்கு 6ஏ. ஓட்டுப்போட நேரில்தான் வரவேண்டும். 85 வயதைத் தாண்டிய ஆச்சிகள் வீட்டிலிருந்தே வாக்களிக்க 12டி படிவம் உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: 2009 மக்களவைத் தேர்தலில் நம் சிவகங்கையில் வித்தியாசம் 3,354 ஓட்டு. அந்த முடிவை எதிர்த்த வழக்கு வருடக்கணக்கில் நடந்தது.

அப்புறம், வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவர் யாராவது இருந்தால், பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தை வாங்கிச் சரிபார்ப்பது எப்படி என்று இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வர முடிந்தவர்கள் தெருப் பெயரைக் கீழே போடுங்கள்.