கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம், குப்பை பொறுக்குவதைத் தவிர என்ன செய்யலாம்?

மாடிவீட்டு_மீனா:

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறோம். எங்கள் குடியிருப்பில் 8 முதல் 14 வயதுக்குள் இருபத்தைந்து பிள்ளைகள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்களே, அன்றைக்கு நாங்களும் கையுறை, கோணி, பாட்டில் தண்ணீர் சகிதம் இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் பதினோரு கோணி. படம் எடுத்தோம், வாட்சப்பில் போட்டோம், இட்லி சாப்பிட்டோம். கிளம்பும்போது, படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டு, "குப்பைய எடுத்தீங்க, சரி. கொடிய எதுக்கும்மா புடுங்குனீங்க?" என்றார். கோணியைப் பிரித்துப் பார்த்தால் மூன்றில் முழுக்கப் பச்சைக் கொடி, ஊதாப் பூவோடு. பிள்ளைகள் களை என்று நினைத்து வேரோடு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, "மணல் பளிச்சென்று தெரியணும்" என்று சொன்னதே நான்தான்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். குப்பை பழையபடி வந்துவிட்டது. கொடி வரவில்லை.

ஜனவரியில் மறுபடி போகலாம் என்கிறார்கள், இந்த முறை மரக்கன்றும் நடலாமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. உபயோகமாக என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி_நடை:

மீனா, நீங்கள் பிடுங்கியது அடம்பு. ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை இருக்கும், பாருங்கள். சங்கப் பாட்டிலேயே நெய்தல் நிலத்துக் கொடியாக வருகிறது. காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து வைப்பது அதுவும், இராவணன் மீசை என்கிற முள் புல்லும்தான். இவை இரண்டும் இல்லாவிட்டால் மணல்மேடு நிற்காது. சரி, போனது போகட்டும், கொஞ்சம் வேர் மிச்சம் இருந்தாலும் அடம்பு மறுபடி படர்ந்துவிடும்.

ஜனவரி என்றால் ஆமைக் காலம். பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து மார்ச், சில சமயம் ஏப்ரல் வரை நம் கரையில் ஏறி முட்டையிடும். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற, கடலாமைகளைக் காக்கும் மாணவர் குழு 1988-இலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடக்கிறது, சுமார் 7 கிலோமீட்டர். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள். நான் ஆறு வருடமாகப் போகிறேன், ஆமையை நேரில் பார்த்தது மூன்றே முறை. மற்ற நாளெல்லாம் தடம்தான், டிராக்டர் சக்கரம் ஏறிப்போன மாதிரி. தடம் முடிகிற இடத்தில் மணலைத் தட்டித் தடவிக் கூட்டைக் கண்டுபிடித்து, கையாலேயே தோண்டுவார்கள். ஒன்றரை அடி ஆழம், அடியில் அகன்று மேலே குறுகிய குடுவை. நூறு, நூற்றிருபது முட்டை, பிங்பாங் பந்து அளவு, தோல் மாதிரி மெத்தென்று. நாய் தோண்டித் தின்பதற்குள் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். முட்டை புதைந்திருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது, அதனால் ஆழத்தில் விளையாட முடியாது.

அந்த மூன்று முறையில் ஒரு முறை, முட்டையிட்டு முடித்த ஆமை உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஓட்டால் மணலை இடித்து மூடியது. தொம் தொம் என்று அந்தச் சத்தம் காலுக்கடியில் தெரிந்தது. பத்தடி தள்ளி, டார்ச் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கூட வந்த ஒரு பையன் மட்டும் போனை எடுத்து ஃப்ளாஷ் போட்டான். அவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

எட்டு வயதுப் பிள்ளை விடிகாலை வரை நடக்காது. பெரிய பிள்ளைகளை மட்டும் பெற்றோரோடு அனுப்புங்கள். சின்னவர்களை மார்ச், ஏப்ரலில் சாயங்காலம் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குக் கூட்டிப்போய்க் குஞ்சு விடுவதைக் காட்டுங்கள்.

கேட்டுட்டுப்_போறேன்:

குப்பை அள்ளுவது மாநகராட்சி வேலை. வரி கட்டுகிறோம் இல்லையா? பிள்ளைகளை ஏன் வெயிலில் நிறுத்துகிறீர்கள்? எங்கள் ஆபீசிலும் இப்படித்தான், ஆளுக்கொரு டீஷர்ட், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். கடைசியில் நாங்கள் அள்ளியதைவிடப் போட்டுவிட்டு வந்தது அதிகம்.

குப்பத்துப்_பையன்:

மேலே சொன்னவர் டீஷர்ட் விஷயத்தில் சொன்னது நிஜம், நான் கரையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

மீனா அக்கா, நான் ஊரூர் மீனவர் குப்பம் பக்கம். அப்பா ஃபைபர் போட், நான் காலேஜ். அடம்பை நாங்கள் களையாகப் பார்ப்பதில்லை, கடலில் சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் அந்த இலையைக் கசக்கித்தான் தேய்ப்போம். அந்தப் பெரியவருக்குக் கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

2025 ஜனவரியில் செத்த ஆமைகள் வரிசையாக ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். சென்னை, செங்கல்பட்டுக் கரையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அந்த மாதம் கரைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்களை முறைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா என் அப்பாவிடமே, "உங்களுக்கெல்லாம் பாவமே கிடையாதா" என்று கேட்டார். ஆமை மீன் கிடையாது அக்கா, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுவலையை மணிக்கணக்கில் இழுத்துப்போகும்போது உள்ளே மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தி ஆமை மட்டும் வெளியே போக வழி விடுகிற டெட் கருவியும் இருக்கிறது, பொருத்தினால் கொஞ்சம் மீனும் போய்விடும் என்று பொருத்த மாட்டார்கள். நாங்கள் சுத்தம் என்று சொல்லவில்லை, எங்கள் வலையிலும் மாட்டும். ஆனால் பெரும்பாலும் உயிரோடு இருக்கும், அப்பா வலையை அறுத்தாவது விட்டுவிடுவார், அதற்குக் கும்பிடு வேறு போடுவார்.

பிள்ளைகளைக் கூட்டிவந்தால் முதலில் குப்பத்துக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்குப் படகு திரும்பும். வலையிலிருந்து மீனைப் பிரிப்பதைப் பார்க்கட்டும், எந்தக் காற்று வீசினால் எந்த மீன் வரும் என்று அப்பாவைக் கேட்கட்டும், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கூட வருவார்கள். அப்புறம் குப்பை பொறுக்கலாம்.

கழிமுகம்:

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். மரக்கன்று வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் சவுக்கை வரிசையாக நட்டார்கள், சில இடங்களில் அலைக்குப் பக்கம் வரைக்கும். ஆமைக்குத் தேவை வெட்டவெளி மணல், சவுக்கு வந்த இடத்தில் அது கூடு தோண்ட முடியாது. அலையாத்தி நடலாமே என்று யாராவது சொல்வார்கள், அது கழிமுகத்துச் சேற்றுக்கு. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை மணலில் நட்டால் பிழைக்காது.

குப்பை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் கரையில் பதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடையாறும் கூவமும் ஊரையே கழுவிக் கொண்டுவந்து கடலில் கொட்டுகின்றன, கடல் அதைத் திருப்பிக் கரையில் போடுகிறது. உங்கள் வீட்டிலிருந்து மேற்கே நடந்தால் பக்கிங்காம் கால்வாய் வரும். பிள்ளைகளை ஒரு நாள் அங்கே நிறுத்திப் பாருங்கள். என் மாணவர்களை நிறுத்தினேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மிதந்து போவதை எண்ணினார்கள். ஷாம்பூ பாக்கெட், பால் கவர், தெர்மாகோல். அடுத்த வாரம் கரையில் பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி எண்ணினோம், ஏறக்குறைய அதே பட்டியல். இதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், ஒருவனுக்கும் ஏறவில்லை. எண்ணியதும் ஏறியது.

ராத்திரி_நடை:

ஒன்று விட்டுப்போச்சு. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் ஓடும். முன்பு அது கடல், இப்போது உங்கள் மாதிரி மாடி வீட்டு விளக்கு. ரோட்டில் நசுங்கிக் கிடந்ததைப் பொறுக்கியிருக்கிறேன். ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்கம் பார்த்த விளக்குகளை ராத்திரியில் அணைக்கச் சொல்லி உங்கள் சங்கத்தில் பேச முடியுமா?

மாடிவீட்டு_மீனா:

எல்லாருக்கும் நன்றி. மரக்கன்று ஆர்டரை நிறுத்திவிட்டேன், செயலாளருக்குக் கொஞ்சம் வருத்தம். விளக்கு விஷயம் நேற்றுக் கூட்டத்தில் பேசினேன். மொட்டை மாடி ஃபோகஸ் லைட்டை அணைக்க ஒத்துக்கொண்டார்கள், திருட்டுப் பயம் என்று பின்பக்க விளக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டலாமா என்று என் பெண் கேட்கிறாள். அது உதவுமா?

தம்பி, இரண்டாவது ஞாயிறு ஏழு மணிக்கு வருகிறோம். பத்துப் பிள்ளைகள் மட்டும், எல்லாரையும் ஒரே நாளில் கொண்டுவந்து உங்கள் வேலையைக் கெடுக்க மாட்டேன். அந்தப் பெரியவர் இருப்பாரா?

குப்பத்துப்_பையன்:

இருப்பார் அக்கா, அவர் என் பெரியப்பாதான். கொடி பிடுங்கின கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், கொஞ்சம் கிண்டல் பண்ணுவார், தாங்கிக்கொள்ளுங்கள். செருப்பைப் படகுப் பக்கம் கழற்றிவிடச் சொல்லுங்கள். தண்ணீர் நாங்கள் குடத்தில் வைக்கிறோம், பாட்டில் வேண்டாம்.

ராத்திரி_நடை:

வெளிச்சம் குறைவாக, சிவப்பாக இருந்தால் வெள்ளை விளக்கைவிடப் பரவாயில்லை. ஆனால் காகிதத்தை விடுங்கள், பல்பு மேல் தகரத்தை வளைத்து வெளிச்சம் கீழே மட்டும் விழுகிற மாதிரி மறையுங்கள். திருடனும் தெரிவான்.