புதிய சென்சார் போட்டும் பொக்லைனின் வெப்ப முள் சிவப்புக்குப் போகிறது: அவசர உதவி தேவை

கோத்தகிரி ஆப்பரேட்டர்:
அனைவருக்கும் வணக்கம். குஞ்சப்பனைக்கு மேலே சாலையில் சரிந்த மண்ணை எங்கள் பொக்லைன் அகற்றிக்கொண்டிருக்கிறது. வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் வெப்ப முள் சிவப்புக்குப் போகிறது, எச்சரிக்கை ஒலிக்கிறது, இன்ஜினின் இழுவையும் குறைந்துவிடுகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தோம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் மாற்றினோம், பயனில்லை. அடுத்த மழைக்குள் பாதையைத் திறந்தாக வேண்டும் என்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

கூடலூர் வயரிங்:
மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜினா, பழைய பம்பு இன்ஜினா? திரையில் ஏதேனும் பழுதுக் குறியீடு தெரிகிறதா? முள் படிப்படியாக ஏறுகிறதா, சட்டென்று தாவுகிறதா?

உதகை டீசல்:
இதற்குக் காரணம் உயரம்தான். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பணிமனை மூத்தவர்:
மீட்டர் வைத்து அளக்காமல் சென்சார் வாங்குவோருக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. இந்தச் சென்சாரின் மின்தடை குளிர்ச்சியில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இருக்கும். பல இன்ஜின்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் காட்டுவது 80 டிகிரியில் சில நூறு ஓமாக இறங்கிவிடும். பழைய சென்சாரை வெந்நீரில் வைத்து அளந்திருந்தால் அது நல்லதா கெட்டதா என்பது சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். உதகை நண்பருக்கும் ஒன்று: ரேடியேட்டரில் அழுத்த மூடி என்று ஒன்று இருக்கிறது, அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தும். 0.9 பார் மூடி சரியாக இருந்தால் உதகையிலும் சுமார் 115 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது.

உதகை டீசல்:
மூடி சரியாக இருந்தால் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் நான் சொன்னதுதான் நடக்கும்.

மேட்டுப்பாளையம் லாரி:
சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மலையேறும் எங்கள் வண்டிகளில் அப்படித்தான் செய்கிறோம்.

பணிமனை மூத்தவர்:
அதைச் செய்யவே கூடாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அது போக, இந்தக் குளிரில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் வெண்புகை கக்கும், ஆயிலில் டீசல் கலக்கும்.

மேட்டுப்பாளையம் லாரி:
எங்கள் வண்டிகள் நன்றாகத்தான் ஓடுகின்றன, ஐயா. புத்தகத்தில் இருப்பது வேறு, பர்லியார் ஏற்றம் வேறு.

கூடலூர் வயரிங்:
கேட்டவரின் பதில் வரட்டும். தெர்மோஸ்டாட் விவாதத்தை நீங்கள் இருவரும் பிறகு தொடரலாம்.

கோத்தகிரி ஆப்பரேட்டர்:
தாமதத்திற்கு மன்னிக்கவும், இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. மின்னணு இன்ஜின்தான், கூலன்ட் ஊற்றியிருக்கிறோம். திரையில் 110, அதனுடன் 4 என்று வருகிறது. முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போகிறது, சில சமயம் தானாகவே திரும்பிவிடுகிறது. நின்று தோண்டும்போது வராது. செயின் உருண்டு மேட்டில் ஏறும்போதுதான் வரும்.

உதகை டீசல்:
ஏற்றத்தில் சுமை கூடுவதால் சூடேறுகிறது. நான் முன்பே சொன்னேன்.

கூடலூர் வயரிங்:
இல்லை. இத்தனை லிட்டர் கூலன்ட் நொடியில் சூடேறி நொடியில் ஆறாது. 110 என்பது கூலன்ட் வெப்பநிலை. 4 என்பது அந்தச் சுற்றில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருப்பது, அதாவது சிக்னல் வயர் எங்கேயோ இரும்பில் பட்டு எர்த் ஆகிறது; மின்தடை குறைந்ததுபோல் தெரிவதால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைச் சூடு என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே இன்ஜின் கொதித்தால் 4 வராது, 0 போன்ற வேறு எண் வரும். ஆயினும் கூலன்ட் அளவை ஒருமுறை பாருங்கள்; சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

இன்ஜினை நிறுத்தி, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவியை மட்டும் போடுங்கள். 4 மறைந்து, மின்னழுத்தம் கூடியதைக் காட்டும் 3 வந்தால் வயரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சரி, சென்சாரிலோ கனெக்டருக்குள் புகுந்த ஈரத்திலோதான் கோளாறு. பனிமூட்டத்தில் நிற்கும் வண்டிகளில் இந்த ஈரம் சாதாரணம். கழற்றிய பிறகும் 4 வந்தால் வயர் உரசியிருக்கிறது. உங்களுக்கு விட்டுவிட்டு வருவதால், 3 வந்தாலும் அத்துடன் நிறுத்தாமல், உதவியாளர் ஒருவர் வயர்கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே போக, நீங்கள் திரையைக் கவனியுங்கள். கிளாம்ப் பிடிக்கும் இடங்களையும், அதிரும் இன்ஜினிலிருந்து அதிராத சட்டத்துக்கு வயர் தாண்டும் இடத்தையும் முதலில் பாருங்கள்.

கோத்தகிரி ஆப்பரேட்டர்:
கழற்றியதும் 3 வந்தது, அசைத்தபோது 4 வந்தது. சென்சாருக்குப் பின்னால் கிளாம்ப் ரப்பர் போய், இரும்பு வயரைத் தின்றிருந்தது. டேப் சுற்றிவிட்டோம், இப்போது ஓடுகிறது. நன்றி அண்ணா.

கூடலூர் வயரிங்:
மகிழ்ச்சி. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை உருகி இறங்கிவிடும். வேலை முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டி, புதிய வயரை ஈயம் வைத்து இணைத்து, வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட்டு, கிளாம்ப் ரப்பரையும் மாற்றுங்கள்.

பணிமனை மூத்தவர்:
கழற்றிய பழைய சென்சாரை எறிந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் நல்ல சென்சார்தான்.

உதகை டீசல்:
எல்லாம் சரி, ரேடியேட்டர் மூடியில் எத்தனை பார் என்று எழுதியிருக்கிறது என்பதை யாராவது பார்த்தீர்களா?