உலர்ந்த விதைக்குள் அசிட்டோன் வழியாக ஜிப்ரெலிக் அமிலத்தைச் செலுத்தலாமா?

கேள்வி

வணக்கம். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் லெட்யூஸ் (சாலட் கீரை) விதைகளுக்கு, முளைப்பைத் தூண்டும் தாவர ஹார்மோனான ஜிப்ரெலிக் அமிலம் கொடுத்து, அவை இருட்டிலும் முளைக்கின்றனவா என்று ஆராய விரும்புகிறேன். நீரில் கரைத்து ஊறவைத்தால் விதை நீரை உறிஞ்சி முளைப்புக்கான வேலைகளைத் தொடங்கிவிடுகிறது. பிறகு அதை உலர்த்தி வைத்து விதைத்தால், அமிலத்தால் விளைந்தது எது, ஊறியதால் விளைந்தது எது என்று பிரித்தறிய முடிவதில்லை. அசிட்டோன், டைகுளோரோமீத்தேன் போன்ற கரிமக் கரைப்பான்களில் கரைத்து உலர்ந்த விதைக்கே மருந்தைக் கொடுக்கும் முறை 1970களிலேயே கையாளப்பட்டதாகப் படித்தேன். உயிருள்ள முளைக்கருவை அசிட்டோன் எப்படிக் கொல்லாமல் விடுகிறது? எந்தச் செறிவில் தொடங்கலாம்?

மறுமொழி 1

விதையில் நீர் இல்லாததே அதைக் காக்கிறது. அசிட்டோன் புரதங்களைச் சிதைப்பது பெரும்பாலும் நீரும் உடனிருக்கும்போதுதான். நன்கு உலர்ந்த செல்லில் புரதங்கள் அசைய இடமின்றி இறுகிக் கிடப்பதால் அவற்றின் வடிவம் எளிதில் குலைவதில்லை. நீர் ஏறக்குறைய அற்ற கரிமத் திரவத்தில் 100 டிகிரி செல்சியஸிலும் கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் என்ற நொதிப் புரதம் செயல்பட்டதை ஜாக்ஸ், கிளிபனோவ் இருவரும் 1984இல் காட்டினார்கள். விதைக்கும் இதே தர்க்கம் பெருமளவு பொருந்தும். ஆகவே ஊறிய விதையையோ, ஈரக்காற்றில் திறந்து கிடந்த விதையையோ ஒருபோதும் அசிட்டோனில் இடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிவைத்து உலர்த்திய விதையையும், நீர் கலவாத அசிட்டோனையும் பயன்படுத்துங்கள். திறந்து வைத்த புட்டியில் உள்ள அசிட்டோன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விதையுறை கீறியோ உடைந்தோ இருந்தால் கதை வேறு. லெட்யூஸ் எண்ணெய் மிகுந்த விதை. உடைந்த இடத்தின் வழியாகக் கரைப்பான் அந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும். உருப்பெருக்கியின் கீழ் உடைந்தவற்றைப் பொறுக்கி நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

செறிவைப் பொறுத்தவரை 1 மில்லிமோலார் நல்ல தொடக்கம். ஜிப்ரெலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 346 என்பதால், 100 மில்லிலிட்டர் அசிட்டோனுக்கு 34.6 மில்லிகிராம் போதும்.

மறுமொழி 2

விதை பிழைக்குமா என்பதைவிட, அமிலம் உள்ளே போனதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. கரைசலை வடித்து உலரவிட்டதும், விதையின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த கரைசல் ஆவியாகி அமிலத்தை அங்கேயே விட்டுச் செல்கிறது. பின்னர் ஈரத்தாளில் வைக்கும்போது அந்தப் படிவு நீரில் கரைந்து விதைக்குள் போகிறது. முளைப்பு கூடியதைப் பார்த்து, உலர்ந்த விதைக்குள் அமிலம் ஏறியது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் நடந்தது சாதாரண நீர்வழிச் சேர்ப்பாகவே இருக்கலாம். நாம் லெட்யூஸ் விதை என்று அழைப்பது உண்மையில் ஒரு சிறு உலர்கனி என்பதால் இங்கே சிக்கல் இன்னும் கூடுகிறது: வரிவரியான வெளிக் கனியுறையின் இடுக்குகளில் கரைசல் நிறையத் தங்கும். அதை ஊசிமுனையால் உரித்தால் உள்ளே முளைசூழ்தசை (கருவைச் சுற்றிய உணவுத் திசு) மெல்லிய சவ்வாகக் கருவைப் போர்த்தியிருக்கும். அமிலம் அந்தச் சவ்வைத் தாண்டியதா என்பதே உங்கள் சோதனையின் மையம்.

ஆகவே ஒரு தொகுதியைக் கரைசலில் சில மணி நேரம் வையுங்கள். இன்னொன்றை ஒரு நொடி மட்டும் முக்கி எடுத்து உலர்த்துங்கள். இரண்டும் ஒரே அளவு முளைத்தால், ஊறவைத்த நேரத்தால் பயனில்லை, படிவே வேலை செய்திருக்கிறது என்று பொருள். வெறும் அசிட்டோனில் வைத்த தொகுதியும், எதிலும் இடாத தொகுதியும் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கரைசலிலிருந்து எடுத்த விதைகளைப் புதிய அசிட்டோனால் அலசிவிட்டால் படிவுச் சிக்கல் தீராதா?

மறுமொழி 2

பெருமளவு தீரும், அலசல் சில நொடிகளில் முடிய வேண்டும். நீண்டால், உள்ளே சென்றதையும் அதே அசிட்டோன் வெளியே இழுத்துவிடும். அலசிய பிறகும் முளைப்பு குறையாமல் இருந்தால்தான் அது வலுவான சான்று. சாயம் கலந்து பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாயம் போகும் வழியில்தான் அமிலமும் போகும் என்பதற்கு உறுதி இல்லாததால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

மறுமொழி 3

கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு சொல். ஜிப்ரெலிக் அமிலம் அசிட்டோனில் நன்கு கரையும். குளோரோஃபார்மில் கரையாது என்பதால் அதன் நெருங்கிய உறவான டைகுளோரோமீத்தேனை நம்பி இறங்காதீர்கள். முளைப்பைத் தூண்டப் பயன்படும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகள் இத்தகைய கரைப்பான்களில் கரையாததால், அவற்றுக்கு இந்த முறையே பொருந்தாது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிக்கும், உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும், சாதாரண ரப்பர் கையுறையை விரைவில் ஊடுருவும். ஆவி உறிஞ்சும் பெட்டி இல்லாத இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. அசிட்டோன் நச்சு குறைந்தது, ஆனால் அதன் ஆவி உறைநிலைக் குளிரிலும் பற்றிக்கொள்ளும்; விதைகளை உலர்த்தும்போது அருகே சுடரோ மின்சூடேற்றியோ இருக்கக் கூடாது. உலர்த்துவதற்குச் சூடு தேவையில்லை: கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நல்ல காற்றோட்டத்தில் வைத்து, பிறகு வெற்றிட உலர்த்தியில் வாசனை அறவே நீங்கும்வரை விடுங்கள். வாசனை மிச்சமிருக்கும் விதையில் நீர் பட்டால், முதல் மறுமொழியில் சொன்ன நீரும் அசிட்டோனும் சேர்ந்த ஆபத்து கருவுக்குள்ளேயே நேர்ந்துவிடும்.