இசப்கோல்: பால்லயா, தண்ணியிலயா?

அண்ணாநகர்48:
அப்பாவுக்கு 68 வயசு, மலச்சிக்கல். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போகுது. நாட்டு மருந்துக் கடையில இசப்கோல் உமி வாங்கினோம். ராத்திரி சூடான பால்ல ரெண்டு ஸ்பூன் கலந்து குடிச்சுட்டுப் படுக்கச் சொல்றாங்க. மூணு நாளாச்சு, வயிறு உப்புசம்தான் மிச்சம். எங்க தப்பு?

வழவழா:
பால்ல தப்பில்லை, குடிச்ச கையோட படுக்கறதுதான் தப்பு. உமி தண்ணியை உறிஞ்சிக் கூழாகுது, அந்தக் கூழ்தான் மலத்தை இளக்கும். தண்ணி குறைஞ்சா அதே கூழ் தொண்டையிலயோ குடல்லயோ அடைச்சுக்கும். விழுங்கவே சிரமப்படுறவங்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

தலை தட்டின ஒரு டீஸ்பூன் உமி ஏறக்குறைய 2 கிராம்தான். முதல் வாரம் அதோட நிறுத்துங்க, உப்புசம் அடங்கினதும் ஏத்துங்க. 250 மில்லி தண்ணியில கலக்கி உடனே குடிக்கணும். பத்து நிமிஷம் விட்டா ஜெல்லி, ஸ்பூன்லதான் எடுக்கணும். பின்னாலயே இன்னொரு டம்ளர். பலன் தெரிய 12 மணி நேரத்துலேர்ந்து 3 நாள் வரைக்கும் ஆகலாம், இது பேதி மாத்திரை இல்லை.

மருந்துப்பெட்டி:
மாத்திரையையும் அந்தக் கூழ் பிடிச்சு வெச்சுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி விடுங்க, மத்ததுக்கு 2 மணி நேரம். காலையில தைராய்டு மாத்திரைன்னா உமியை சாயங்காலம் வெச்சுக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால எடுத்தா சாப்பிட்டப்புறம் சர்க்கரை ஏறுறது மட்டுப்படும். அதனால வீட்டுல அளவு பாருங்க, ரொம்ப இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆரஞ்சு வாசனைப் பொடிகள் பலதுல சர்க்கரை இருக்கு, உங்க வெறும் உமியே மேல்.

அண்ணாநகர்48:
கொலஸ்ட்ராலும் குறையும்னு சொல்றாங்களே? வெயிலுக்குக் குடிக்கிற சப்ஜா விதையும் இதுவும் ஒண்ணா?

வழவழா:
சப்ஜா துளசி வகை விதை. இது குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையற வேற செடியோட விதைத்தோல். கொலஸ்ட்ரால் குறையும், ஆனா தினம் 10 கிராம் போல வேணும். கூழ் பித்த அமிலத்தைப் பிடிச்சு வெளியேத்தும், அதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்துலேர்ந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கும். கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான் இறங்கும், கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போகுதுன்னா அதை நிறுத்திடாதீங்க.

டப்பாவை இறுக்கி மூடுங்க, நம்ம ஊர் ஈரக்காத்துல கட்டி தட்டிடும்.

மருந்துப்பெட்டி:
ஒண்ணு விட்டுப்போச்சு. கடுமையான வயித்துவலி, வாந்தி, மலத்துல ரத்தம் இருந்தா உமி கொடுக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க. தண்ணியைக் குறைக்கச் சொன்ன சிறுநீரக, இதய நோயாளிகளும் கேட்காம தொடவேண்டாம்.