ஏப்ரல் வெயிலில் நாதுலா போகலாமா? பனிச்சரிவை நினைத்தால் பயமாக இருக்கிறது

பாளை மல்லி:
வணக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரம் நான், வீட்டுக்காரர், மகள், 7 வயசுப் பேரன் எல்லோரும் சிக்கிமில் உள்ள கேங்டாக் போகிறோம். அதில் ஒருநாள் சோம்கோ ஏரியும், சீன எல்லையில் உள்ள நாதுலா கணவாயும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும், வெயில் ஏறினால் குளிர் தெரியாது என்கிறார் வண்டிக்காரர். 2023 ஏப்ரல் 4 அன்று அந்த ரோட்டில் பனிச்சரிவு விழுந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்த செய்தி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. குளிர்காலத்தில்தான் ஆபத்து, ஏப்ரலில் பனி உருகியிருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள் பார்த்த பனியெல்லாம் மார்கழிக் காலையில் தாமிரபரணி மேல் நிற்கிற மூடுபனிதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டுப் பட்டாளத்தார்:
தங்கச்சி, நான் பட்டாளத்தில் 19 வருஷம் இருந்தேன். அதில் இரண்டு தடவை சிக்கிம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. குளிர்காலத்தில் புதுப்பனி கொட்டிய மறுநாள் பயம்தான். வெயில் காலத்துச் சரிவு வேறு மாதிரி.

நம் ஊர் மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை முழுக்க நிற்கும். ஊறிக் கனம் ஏறி, மழை வெறித்தபிறகு ஒரு மத்தியானம் பொத்தென்று விழும். பனியும் அப்படித்தான். வெயிலில் உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி, துகள்களுக்கு நடுவே இருக்கிற பிடிப்பைக் கரைத்துவிடும். அடியில் கட்டியான அடுக்கு இருந்தால் அதன்மேல் தேங்கி, மேலே உள்ளதை வழுக்க வைக்கும். ராத்திரி உறைந்த பனியில் விடியக்காலம் நடந்தால் பூட்ஸ் பதியாது. அதே இடத்தில் பதினொரு மணிக்கு முழங்கால் வரை இறங்கும். இறங்கினால் உடனே திரும்பு என்பதுதான் எங்கள் சுபேதார் சொல்லித்தந்த முதல் பாடம்.

ஒரு மே மாதம். மேலே ரேஷன் கொடுத்துவிட்டு வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. ஓர் ஓடையைக் கடக்க வேண்டும், நூறு அடிதான். மேலிருந்து தேங்காய் அளவு பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தன. சுபேதார் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். பாறை ஓரம் உட்கார்ந்தோம், எனக்கு எரிச்சல். ஒரு மணி வாக்கில் அந்த ஓடை முழுக்க ஈரப்பனி இறங்கியது. பெரிய வேகம்கூட இல்லை, சிமெண்ட் கலவை வழிகிற மாதிரி. நின்றதும் இறுகிவிட்டது. மறுநாள் மண்வெட்டி போட்டால் உள்ளே போகவில்லை. ஒரு கன மீட்டர் ஈரப்பனி அரை டன் வரை இருக்கும் தங்கச்சி. உள்ளே மாட்டியவர் தானாக எழ முடியாது. கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

குற்றாலத்தில் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தால் அருவியை விட்டு ஓடி வருவோமே, அந்த உருண்டைகளும் அதே மாதிரி அறிகுறி. 2023-ல் நடந்ததும் மத்தியான வாக்கில்தான். ஒன்பதரைக்குக் கிளம்பினால் சரியாக அந்த நேரத்தில்தான் மேலே நிற்பீர்கள்.

தென்காசி மலையேறி:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. முந்தின ராத்திரி வானம் தெளிவாக இருந்ததா என்று கேளுங்கள். மேகம் மூடியிருந்தால் பனி சூட்டை வெளியே விடாது, சரியாக உறையாது. அப்போது காலை 6 மணியைக்கூட நம்ப முடியாது. மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். கிழக்குப் பார்த்த சரிவுகள் முதலில் இளகும். அதிகம் சரிவது 30 முதல் 45 டிகிரி சாய்வு, ஏறக்குறைய நம் வீட்டு மாடிப்படிச் சாய்வு. பார்க்கச் சாதுவாக இருக்கும், பேரன் சறுக்கி விளையாடக் கேட்பான். விடாதீர்கள்.

பாளை மல்லி:
ரொம்ப நன்றி. வண்டிக்காரரிடம் இப்போதுதான் பேசினேன். வெள்ளனக் கிளம்பி, சோதனைச் சாவடி திறந்ததும் முதல் ஆளாக மேலே போய், பதினொரு மணிக்குள் கீழே இறங்கிவிடுவதாக ஏற்பாடு. முந்தின ராத்திரி மழையோ மேகமோ இருந்தால் கேங்டாக்கிலேயே இருந்துகொள்கிறோம். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். அண்ணாச்சி, வழியில் வண்டி நெரிசலில் மாட்டினால் என்ன செய்வது?

களக்காட்டுப் பட்டாளத்தார்:
மேலேயிருந்து ஓடை வந்து ரோட்டில் சேருகிற இடத்தில் மட்டும் நிற்க வேண்டாம். சரிவு அந்த வழியாகத்தான் இறங்கும். முன்வண்டி போகட்டும் என்று இந்தப் பக்கமே காத்திருந்து, வழி விட்டதும் ஒரே மூச்சில் தாண்டச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கக்கூட அங்கே இறங்காதீர்கள்.