கடல்நாய் தலையைத் தூக்கினால் அதற்கும் அனுமதியா?

உவர்க்காற்று:
பக்கத்து இழையில் தனிவழி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "அமெரிக்கக் கரையில் கடல்நாய்களைத் தொடாமல் தூர நின்று எண்ணுவதற்கும் அனுமதி வாங்கச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்கே கைவிலங்கு." பதில் தட்டி முடிப்பதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே. இரண்டு பருவம் யானைக் கடல்நாய்களுக்குப் பின்னால் மணலில் தவழ்ந்தவன் நான். 1972-ல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தொடுவதை மட்டும் சொல்லவில்லை. தொந்தரவாகும் வாய்ப்பு இருந்தாலே கணக்கில் வரும். நீங்கள் வருவதைப் பார்த்து ஒரு கடல்நாய் தலையைத் தூக்கினால் அதன் தூக்கம் கெட்டது. அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

தனிவழி:
என்னை எதிர்த்து ஒரு தனி இழையா! பெருமையாக இருக்கிறது. ஒரே கேள்வி: தலையைத் தூக்கினால் தொந்தரவா? நான் தும்மினால் என் பூனையும்தான் தலையைத் தூக்குகிறது. அதற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்?

உவர்க்காற்று:
பூனை உங்கள் மடியில் வளர்ந்தது. நான் சொல்வது காட்டு விலங்கு. அது தலையைத் தூக்குவதை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. வயிறு மணலில் கிடக்க, கழுத்தும் வாலும் மேலே வளைந்து, உடம்பே படகு மாதிரி விறைத்து நிற்கும். மூடியிருந்த மூக்குத் துளை பட்டென்று திறக்கும். பக்கத்தில் படுத்திருப்பதும் அதைப் பார்த்துத் தூக்கும். அப்புறம் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்கு ஓடும். நடுவில் குட்டி இருந்தால் தாயை விட்டுப் பிரிந்துவிடும், சில நேரம் நசுங்கியும் போகும். எல்லாம் அந்த ஒரு தலையில்தான் ஆரம்பம்.

சட்டாம்பிள்ளை:
ஒரு திருத்தம், இருவருக்கும். அங்கே கடல்நாய்த் தொந்தரவை மூன்று படிகளாகப் பிரித்துக் குறிப்பார்கள். தலையைத் திருப்புவது, கழுத்தை நீட்டுவது, தன் உடல் நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் நகர்வது முதல் படி. அதற்கு மேல் விலகினால் இரண்டாம் படி. தண்ணீருக்குள் ஓடினால் மூன்றாம் படி. பின் இரண்டும்தான் தொந்தரவுக் கணக்கில் சேரும். முதல் படி சேராது. இழை தொடங்கியவரே அடிப்படையில் சறுக்கியிருக்கிறார்.

தனிவழி:
ஆக, தலையைத் தூக்கினால் அனுமதி வேண்டாம். நன்றி, வணக்கம். இழையை மூடலாம்.

உவர்க்காற்று:
யார் மூடுவது? அந்தப் படிகள் வேலை முடிந்து அறிக்கை எழுதும்போது எண்ணுவதற்கு. அனுமதி கேட்பது கரையில் கால் வைக்கும் முன்பு. எந்தக் கடல்நாய் தலையோடு நிறுத்தும், எது ஓடும் என்று அவை முன்கூட்டியே உங்களுக்கு எழுதிக் கொடுக்குமா? சட்டாம்பிள்ளை, அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதாது. ஒரு நாளாவது மணலில் படுத்துப் பார்க்க வேண்டும்.

சட்டாம்பிள்ளை:
நான் எங்கே படுக்கிறேன் என்பது விவாதப் பொருள் அல்ல. "தலையைத் தூக்கினால் அனுமதி வேண்டும். அவ்வளவுதான்" என்று எழுதியது நீங்கள். மேலேதான் இருக்கிறது.

அலையாத்தி:
நான் இந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பியவள், ஒரு வார்த்தை சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே வழி இல்லை. அருகிவரும் இனமாக இல்லாமல், காயப்படுத்தாத லேசான தொந்தரவு மட்டும் என்றால், வேலை தொடங்க 60 நாளுக்கு முன் ஒரு நோக்கக் கடிதம் கொடுத்து உறுதிக் கடிதம் வாங்கினால் போதும். அருகிவரும் இனமான ஹவாய் துறவிக் கடல்நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. பிடிப்பது, மயக்க ஊசி, முடியில் பசை போட்டுக் கருவி ஒட்டுவது எல்லாம் முழு அனுமதி. அதற்குப் பொதுமக்கள் கருத்துக்கென்றே 30 நாள் விட வேண்டும். எத்தனை விலங்கு, ஆணா பெண்ணா, ஒன்றை எத்தனை முறை நெருங்குவீர்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். ஒரு கட்டத்தில் 3, விளக்கத்தில் 4 என்று இருந்ததால் என் தாள் திரும்பி வந்தது. தவறுதலாக எத்தனை செத்துப்போகலாம் என்று ஒரு எண்ணும் எழுத வேண்டும். எனக்குக் கை ஓடாமல் நின்ற இடம் அதுதான். அதைப் பற்றிப் பேசலாமே?

தனிவழி:
பார்த்தீர்களா, மூன்றுக்கும் நான்குக்கும் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! இதைத்தானே கைவிலங்கு என்றேன். ஆனால் அக்கா, நீங்களும் சொல்லவில்லை. நீர்நாய் தலையைத் தூக்கினால் என்ன செய்வது?

உவர்க்காற்று:
நீர்நாயா! நீர்நாய் வேறு, கடல்நாய் வேறு. பெயரே தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சட்டம் பேசினீர்களா?

தனிவழி:
தட்டச்சுப் பிழை. போன வருடம் நீங்கள் "நான் எடுத்த கடல்நாய் படம்" என்று போட்டதில் காது மடல் தெரிந்ததே, மறந்துவிட்டதா? காது மடல் இருந்தால் அது கடற்சிங்கக் குடும்பம். நாற்பது பேர் விருப்பம் போட்டார்கள். நான் மட்டும்தான் சொன்னேன், என்னைத் தடை செய்தீர்கள்.

உவர்க்காற்று:
தடை செய்தது காதுக்காக இல்லை, நீங்கள் பேசிய பேச்சுக்காக. விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. எண்ணெய்க்காக வேட்டையாடி வடக்கு யானைக் கடல்நாய் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்த காலம். 1892-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அனுப்பிய குழு மெக்சிகோவின் குவாடலூப் தீவில் எட்டைக் கண்டது. இனமே முடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஏழைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனது. அவர்களும் ஆராய்ச்சியாளர்கள்தான். கேட்க ஆள் இல்லை, கட்டம் போட்ட தாளும் இல்லை. எங்கோ கண்ணில் படாமல் கிடந்த கொஞ்சம் பிழைத்ததால்தான் இன்று லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

தனிவழி:
சுடுவதும் எண்ணுவதும் ஒன்றா? அண்டார்டிகாவில் எரிபஸ் விரிகுடாவில் 1968-லிருந்து வெடல் கடல்நாய்களுக்குக் குறியிடுகிறார்கள். அப்போது உங்கள் 1972 சட்டமே பிறக்கவில்லை. ஆராய்ச்சி நடக்கவில்லையா?

சட்டாம்பிள்ளை:
திருத்தம். இப்போது அங்கே போகும் அமெரிக்கக் குழு 1972 சட்டத்தோடு 1978-ன் அண்டார்டிகா பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அனுமதி வாங்க வேண்டும். அது தவிர, 1972-ல் லண்டனில் கையெழுத்தாகி 1978-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிகக் கடல்நாய் ஒப்பந்தமும் உண்டு. ஆக நீங்களும் தவறு, அவரும் தவறு.

உவர்க்காற்று:
நான் எங்கே தவறு? அண்டார்டிகா பற்றி நான் வாயே திறக்கவில்லையே.

சட்டாம்பிள்ளை:
தலை விஷயத்தில்.

அலையாத்தி:
சாவு எண் பற்றிக் கேட்டேன். யாராவது?

தனிவழி:
அக்கா, ஒரு நிமிடம். அண்ணன் முதலில் ஆம் அல்லது இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்லட்டும். தலையைத் தூக்கினால் அனுமதி வேண்டுமா?

உவர்க்காற்று:
கேள்வியே தப்பு என்று நான்கு முறை எழுதிவிட்டேன். நாளை படங்களோடு விரிவாகப் போடுகிறேன். அதுவரை யாரும் இழையை மூட வேண்டாம்.

தனிவழி:
போடுங்கள். முதலில் காதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.