நண்டு ஓட்டில் ஃபுளோரைடு அளக்கும்போது அளவு இறங்கிக்கொண்டே போவது ஏன்?

காரைக்குடி_ஆய்வகம்:
தொண்டியிலிருந்து சந்தைக்கு வரும் நீலக்கால் நண்டின் ஓட்டில் ஃபுளோரைடு பார்க்கிறோம். 105 டிகிரியில் உலர்த்தி அரைத்த பொடி 0.5 கிராம். அதில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. விட்டுக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7க்குக் கொண்டுவந்து, டிஸாப் (பி.எச்.சையும் கரைந்த அயனிகளின் மொத்த வலிமையையும் சீராக வைக்கும் கரைசல்) 25 மி.லி. சேர்த்து 50 மி.லி. ஆக்குகிறோம். ஃபுளோரைடு மின்முனையில் மில்லிவோல்ட் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுகிறது, அதாவது ஃபுளோரைடு அளவு இறங்குகிறது. நியமக் கரைசல்களில் (ஃபுளோரைடு அளவு முன்பே தெரிந்தவை) சாய்வு, அதாவது செறிவு பத்து மடங்கு மாறினால் மாறும் மில்லிவோல்ட், 58 வருகிறது. மின்முனையில் கோளாறா?

தேவகோட்டை_அயனி:
சாய்வு 58 என்றால் மின்முனை நன்றாக இருக்கிறது. கோளாறு கால்சியத்தில். ஓட்டில் சுமார் 60% கால்சியம் கார்பனேட் என்று வைத்தால், 0.5 கிராமில் 3 மில்லிமோல், 50 மி.லி.யில் 0.06 மோலார். கால்சியம் ஃபுளோரைடின் கரைதிறன் பெருக்கப்படி (இரு அயனிகளும் சேர்ந்து எவ்வளவு கரைந்திருக்கலாம் என்ற வரம்பு) அங்கே லிட்டருக்கு அரை மி.கி. ஃபுளோரைடைத் தாண்டினாலே படிய இடமுண்டு. அயனி வலிமை கூடினால் வரம்பு சற்று உயரும், அவ்வளவுதான். படிவது மெதுவாக நடக்கும். அதனால்தான் அளவு நிற்காமல் நகர்கிறது.

பொடியை 0.1 கிராமாகக் குறையுங்கள், அமிலம் 2 மி.லி. போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் குப்பியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நுரை பொங்கும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். ஹைட்ராக்சைடு சேர்க்கும் கட்டத்தையே விட்டுவிடுங்கள்: சொட்டு விழும் இடத்தில் காரம் கூடி, கால்சியம் பாஸ்பேட் ஃபுளோரைடையும் இழுத்துக்கொண்டு படியும். அமிலக் கரைசலிலேயே 1 மோலார் டிரைசோடியம் சிட்ரேட் (பி.எச். 5.5) 25 மி.லி. ஊற்றுங்கள். சிட்ரேட் கால்சியத்தையும் அலுமினியத்தையும் பிடித்து வைக்கும். கடைசியில் பி.எச். 5க்கும் 5.5க்கும் இடையே இருக்கிறதா என்று பாருங்கள். 3க்கு இறங்கினால் பாதிக்கு மேல் ஹைட்ரஜன் ஃபுளோரைடாகிவிடும். மின்முனைக்கு அது தெரியாது.

பள்ளத்தூர்_கனிமம்:
அவர் சொன்னதோடு, ஓடு முழுவதையும் ஒன்றாக அரைக்காதீர்கள் தம்பி. நண்டு ஓடு கைட்டின் (ஓட்டின் நார்ப்பொருள்), புரதம், மக்னீசியம் கலந்த கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்), படிகமாகாத கால்சியம் கார்பனேட், கொஞ்சம் பாஸ்பேட். ஃபுளோரைடு தங்கத் தோதான இடம் பாஸ்பேட்தான். அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தில் ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் உட்காரும். ஆஸ்திரேலிய நன்னீர்ச் சிங்கி இறாலான செராக்ஸின் தாடைப் பல்லிலேயே ஃபுளோரபடைட் உறை இருக்கிறது. அதனால் தாடை, கொடுக்கு நுனி, முதுகு ஓடு மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சேர்த்தால் சராசரிதான் மிஞ்சும்.

உணவக ஓடு கூடவே கூடாது. நண்டு ரசத்தின் புளி, மேற்பரப்புக் கார்பனேட்டைக் கரைத்துவிடும். கழுவக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. போர்வெல் நீரில் ஃபுளோரைடு இருந்தால் ஓடு அதைப் பிடித்துக்கொள்ளும். சதையையும் பார்ப்பதாக இருந்தால் உடனே பிரித்து உறைய வையுங்கள். அண்டார்டிக் கிரில்லில், பிடித்தபின் தாமதித்தால் ஓட்டிலிருந்து ஃபுளோரைடு சதைக்குள் ஏறுவது நன்கு தெரிந்த விஷயம்.

காரைக்குடி_ஆய்வகம்:
நன்றிங்க. நியமக் கரைசலிலும் கால்சியம் வேண்டுமா?

தேவகோட்டை_அயனி:
வேண்டும். கால்சியம் குளோரைடு 0.012 மோலார், அதே சிட்ரேட். ஒரு மாதிரியில், அமிலம் விடுமுன் 100 மி.கி./லிட்டர் ஃபுளோரைடு 0.25 மி.லி. சேர்த்துப் பாருங்கள், 50 மி.லி.யில் அது 0.5 மி.கி./லிட்டர் கூட்ட வேண்டும். சேர்த்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே திரும்பக் கிடைத்தால் முதலில் சிட்ரேட்டையும் பி.எச்.சையும் சந்தேகியுங்கள்.